ரூபாய் போன ஊர்

“லெப்ட்ல புடி, லெப்ட்ல புடி... டேய், கன்டெய்னரு!”

ராசையா அண்ணாச்சி கத்தி முடிப்பதற்குள் லட்சுமணன் வண்டியைக் கன்டெய்னர் லாரிக்கும் நடுச்சுவருக்கும் இடையில் நுழைத்து வெளியே எடுத்துவிட்டான். பின்சீட்டில் அண்ணாச்சியின் ஒரு கை லட்சுமணனின் காலரைப் பிடித்திருந்தது. மறு கையில் போன். அதில் வங்கியின் பெண் குரல் ஒன்று, இவர்கள் காசிமேட்டில் கிளம்பியதிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.”

“இன்னா அண்ணாச்சி, அந்தம்மா இன்னும் அத்தயே சொல்லிகினு கீது?”

“ஆமாடே. முக்கியம் முக்கியம்னு சொல்லுதா. எடுக்கத்தான் மாட்டேங்கா.”

“ரொம்ப முக்கியமான பொருளுன்னா அப்டித்தான். யாரும் தொட மாட்டாங்கோ.”

மணி மூன்றரை. ஐந்துக்குள் வங்கிக் கணக்கு திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் அண்ணாச்சியின் ஒரு வருஷத் தொழில் காலி.

ராயபுரத்தில் அண்ணாச்சிக்கு ஒரு ஐஸ் பாக்டரி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் நாளை மறுநாள் நள்ளிரவோடு முடிகிறது. தடை நீங்கியதும் ஒரு படகு முதல் ஐஸை எந்த பாக்டரியில் ஏற்றுகிறதோ, அந்த வருஷம் முழுக்க அங்கேதான் ஏற்றும். காசிமேட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிற சட்டமும் அதுதான்.

இந்த நேரம் பார்த்து கம்ப்ரசரின் சீல் கிழிந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம். அது இல்லாமல் இயந்திரம் ஓடாது, தண்ணீர் உறையாது. மெஷினைச் செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பாரீஸ் கார்னரில் கிடைக்கவில்லை, அம்பத்தூரில் கிடைக்கவில்லை. பாக்டரியின் மெக்கானிக் லட்சுமணன்தான் ஏதோ ஒரு வெளிநாட்டு சைட்டில் கண்டுபிடித்தான். விலையை ரூபாயிலேயே போட்டிருந்தார்கள். அண்ணாச்சி ரூபாயிலேயே கட்டினார்.

சீல் கடல் தாண்டி வந்தும் விட்டது. இப்போது மீனம்பாக்கத்தில் கூரியர் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது. சுங்க வரியை இன்று ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும். பொருளை வாங்கிய அதே கணக்கிலிருந்து கட்ட வேண்டும் என்பது கூரியரின் விதி. இல்லையென்றால் அது வந்த வழியே திரும்பிவிடும்.

அந்தக் கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது.

முடங்கிய கதை இப்படி. சீலுக்குப் பணம் கட்டிய மூன்றாம் நாள், கணக்கிலிருந்து இருநூற்றுப் பதினேழு ரூபாய் தனியாகக் கழிந்தது. ‘எல்லை கடந்த ரூபாய்ப் பரிவர்த்தனைக் கட்டணம், வரி உட்பட’ என்று குறுஞ்செய்தி வந்தது. வேறொருவர் என்றால் கொதித்திருப்பார். அண்ணாச்சி சந்தோஷப்பட்டார்.

அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்து வியாபாரி; அவருக்கு இது புதிதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர். மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் எழும்பும், கிணறு வெட்டுவார்கள், கோயில் கொடை நடக்கும். வருஷத்தில் ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைத்து, மைக் வைத்து, வரவு செலவு வாசிப்பார்கள். ‘பரவாயில்லையே, பேங்க்காரனும் மகமை பிடிக்க ஆரம்பிச்சிட்டானே’ என்று நினைத்தார் அண்ணாச்சி.

ஒன்றுதான் அவருக்கு உறுத்தியது. மகமையைச் சில்லறையாக விடுவது மரியாதையில்லை. வங்கிக்குப் போனார். மேற்கொண்டு முப்பத்து நாலு ரூபாயைக் கட்டி, இருநூற்று ஐம்பத்தொன்றாக நிரவினார். செலானில் ‘நீங்கள் எடுத்த கட்டணத்துக்கு மேற்கொண்டு, என் மனமுவந்து’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நெய்தல் வங்கி தொடங்கிய நாளிலிருந்து, எடுத்த கட்டணத்துக்கு மேலே தானாக வந்து பணம் கட்டிய வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. வங்கியின் கம்ப்யூட்டர் இதை நெடுநேரம் யோசித்தது. நல்ல எண்ணத்தோடு எந்த மனிதனும் இப்படிச் செய்ய மாட்டான் என்று முடிவுக்கு வந்தது. அன்று மாலையே கணக்கை முடக்கியது.

*

திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கிளையில் வாழைமரம் கட்டியிருந்தது. வாசலில் சந்தனம், கற்கண்டு. உள்ளே சுவரை அடைத்து ஒரு பேனர்: ‘வெளிப்படைத்தன்மை வாரம். உங்களிடம் எங்களுக்கு ஒளிவுமறைவு இல்லை.’ கட்டண விவரப் பலகையில்தான் ஆணி வலுவாக இருந்ததால், பேனரை அதன் மேலேயே மாட்டியிருந்தார்கள்.

‘மகிழ்ச்சி மேசை’ என்று எழுதிய மேசைக்குப் பின்னால் பெர்சிஸ் என்ற அதிகாரி இருந்தாள். கணக்கு எண்ணை வாங்கித் தட்டினாள். முகம் மாறியது.

“சார், நீங்க கடைசியா எப்ப வெளிநாடு போனீங்க?”

“வடக்க நான் போன கடைசி ஊரு மணலிம்மா.”

“அப்ப உங்க பணம் மட்டும் தனியா போயிருக்கு.”

“நான் ரூபாயிலதானம்மா வாங்கினேன்? டாலர் கீலர் ஒண்ணும் கிடையாதே.”

“ரூபாய்தான் சார். ரூபாயாவேதான் போச்சு. நாங்க மாத்தவே இல்ல.”

“மாத்தாததுக்கா மாத்துக்கூலி?”

பெர்சிஸ் பொறுமையாகச் சிரித்தாள். அதற்கு அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். “சார், மாத்தினா மாத்தின கட்டணம். மாத்தலைன்னா, ஒருவேளை மாத்த வேண்டி வந்திருந்தா எங்களுக்கு ஆகியிருக்கக்கூடிய சிரமத்துக்கான கட்டணம்.”

லட்சுமணன் குறுக்கே புகுந்தான். “மேடம், ஆட்டோல ஏறாம நடந்தே வூட்டுக்குப் போனா, ஏறாததுக்கு மீட்டர் போடுவீங்களா?”

“ஏறினாலும் நடந்தாலும் ரோடு ஒண்ணுதானே சார்.”

லட்சுமணன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி அவன் தோளைத் தட்டி அடக்கினார்.

“நான் சண்டைக்கு வரலம்மா. எடுத்தது எடுத்ததா இருக்கட்டும். எனக்கு அஞ்சு மணிக்குள்ள கணக்கு திறக்கணும். அத்தோட, அந்த ரூபாய் எந்த ஊருக்குப் போச்சுன்னு சொல்லுங்க. அங்க என்ன நடக்கு? பள்ளிக்கூடம் கட்டுதாங்களா, ஆஸ்பத்திரியா?”

பெர்சிஸ் திரையில் தேடினாள். ‘கட்டணம் ஏன்’ என்று ஒரு வகைப் புகார் இருந்தது. ‘கட்டணம் இவ்வளவா’ என்று ஒன்று இருந்தது. ‘கட்டணத்தைத் திருப்பித் தா’ என்பதற்குச் சிவப்பு நிறத்தில் தனிப் பக்கமே இருந்தது. ‘கட்டணம் எங்கே போகிறது’ என்று இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

“அது ரகசியம் சார்,” என்றாள்.

“வெளிப்படைத்தன்மை வாரம்னு போட்டிருக்கே?”

“அது வர்ற சனிக்கிழமையோட முடியுது சார். இதுக்கு பதில் வர அதுக்கு மேல ஆகும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்த முப்பத்து நாலு ரூபாயை யார் சொல்லிக் கட்டினீங்க?”

“யாரும் சொல்லல. என் மனசுதான் சொல்லிச்சு.”

பெர்சிஸ் ‘தூண்டிய நபர்’ என்ற கட்டத்தில் ‘மனசு’ என்று அடித்தாள். கம்ப்யூட்டர் முகவரி கேட்டது.

“உங்க முகவரியே போட்டுக்கறேன் சார். ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?”

அடுத்து ஓர் உறுதிமொழி. ‘நான் வெளிநாடு செல்லவில்லை, என் ரூபாய் சென்றபோது நான் உடன் இல்லை, அது போவது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வழியனுப்பியிருப்பேன்.’ கடைசி வரியை அண்ணாச்சி இரண்டு தடவை வாசித்தார். உண்மையில் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

மணி நாலு. போன் அடித்தது. ஆண்ட்ரூ. மூன்று விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர். அண்ணாச்சியின் ஐஸில் பாதி அவருடைய படகுகளுக்குத்தான் போகும்.

“அண்ணாச்சி, ஐஸ் கீதா இல்லியா? ஸ்ட்ரெய்ட்டா சொல்லு. பசங்க வலை ஏத்திகினு கீறானுங்கோ.”

“உண்டு ஆண்ட்ரூ. இன்னிக்கு சீல் வந்துட்டா ராவோட ராவா மாட்டிருவோம். பேங்க்லதான் நிக்கேன்.”

“பேங்க்லியா? ஐஸ் கேட்டா பேங்க்ல நிக்கிறேன்ற?”

“அஞ்சு மணி வரைக்கும் பொறுத்துக்கய்யா.”

“ஒனக்காவ அஞ்சு வரிக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல எண்ணூர்க்காரன் கைல அட்வான்ஸ் குட்த்துருவேன். அப்பால கோச்சுக்காத.”

போனை வைத்ததும் வங்கிக்குள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மண்டலத் தலைவர் வேம்பு வந்துவிட்டார். குத்துவிளக்கை ஏற்றினார். மெழுகுவர்த்தி இரண்டு முறை அணைந்தது. மின்விசிறியை நிறுத்த மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதால் ஒருவர் கைகளை விரித்துக் காற்றை மறைத்தபடி நின்றார். கவுன்டர்கள் எல்லாம் மூடின. நின்றிருந்த வாடிக்கையாளர்கள் இனி பார்வையாளர்கள் என்று அறிவிக்கப்பட்டது.

வேம்பு மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே! மறைமுகக் கட்டணம், மறைமுகக் கட்டணம் என்று சிலர் பேசுகிறார்கள். நான் சவால் விடுகிறேன். நாங்கள் எதையும் மறைப்பதில்லை. எங்கள் விதிமுறைப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பில், கறுப்பு மையில் அச்சடித்திருக்கிறோம். மறைக்கிறவன் அச்சடிப்பானா?”

கைதட்டல்.

“எழுத்து சிறிதாக இருக்கிறது என்கிறார்கள். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் பெரிய எழுத்தில் கேட்டார். கொடுத்தோம். படித்தார். மறுநாளே கணக்கை மூடிவிட்டார். ஆக, பெரிய எழுத்து வாடிக்கையாளரைக் காயப்படுத்துகிறது என்பது நிரூபணமாகிவிட்டது. யாரையும் காயப்படுத்துவது இந்த வங்கியின் பண்பாடு அல்ல!”

பலத்த கைதட்டல்.

“ரூபாயில் வாங்கினால் கட்டணம் இருக்காது என்று வாடிக்கையாளர் நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் எங்கள் மூலதனம். அதை நாங்கள் ஒருபோதும் கெடுக்க மாட்டோம். வாங்குவதற்கு முன்னால் கட்டணத்தைச் சொன்னால் அவர் வாங்க மாட்டார். வாங்கிய பிறகு சொன்னால் வருத்தப்படுவார். சொல்லாமலே இருந்தால் நிம்மதியாக இருப்பார். வாடிக்கையாளரின் நிம்மதிக்காக நாங்கள் எத்தனையோ விஷயங்களை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்கிறோம்.”

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். கிளை மேலாளர் பாலகணேஷ் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். வேம்பு அதைப் பார்த்து மலர்ந்தார்.

“ஆனந்தமான ஒரு செய்தி! எங்கள் கட்டணத்தை மனமுவந்து ஏற்று, அது போதாது என்று மேலும் முப்பத்து நாலு ரூபாய் கட்டிய ஒரு மாமனிதர் இந்தக் கிளையில் இருக்கிறார். திரு. ராசையா!”

அண்ணாச்சி என்ன ஏது என்று கேட்பதற்குள் தோளில் பொன்னாடை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். ‘இந்த ஆண்டின் இலட்சிய வாடிக்கையாளர்’ என்று கேடயம் கொடுத்தார்கள். அதை அவர் வாங்கிக்கொள்ளாமல் வேம்புவின் கையையே பிடித்துக்கொண்டார்.

“ஐயா, அதே முப்பத்து நாலு ரூபாய்க்குத்தான் என் கணக்கை முடக்கி வச்சிருக்கீய. அஞ்சு மணிக்குள்ள திறந்து விடுங்கய்யா. என் பொழப்பே போயிரும்.”

வேம்பு பாலகணேஷைப் பார்த்தார். பாலகணேஷ் காதில் ஏதோ சொன்னார்.

“ஓ, அதுவா,” என்றார் வேம்பு. “பாராட்டுவது உறவுத்துறை. முடக்கியது கண்காணிப்புத் துறை. இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பேசினால் நடுநிலைமை கெட்டுவிடும். கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்து சிரிங்க.”

போட்டோவுக்குச் சிரித்த நேரத்தில் அண்ணாச்சியின் போன் முனகியது. ‘பாராட்டு விழா, வாடிக்கையாளர் பங்களிப்பு’ என்று ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் கழிந்திருந்தது.

“முடக்கின கணக்குலருந்து எப்பிடிய்யா எடுத்தீய?”

“முடக்கினது உங்களுக்குத்தான் சார்,” என்றார் பாலகணேஷ். “எங்களுக்கு இல்ல.”

வேம்பு கார் ஏறினார். வாழைமரத்தை அவிழ்க்கத் தொடங்கினார்கள். மணி நாலரை.

*

பாலகணேஷின் அறையில் ஏசி ஓடியது. அண்ணாச்சி பொன்னாடையோடு உட்கார்ந்தார். லட்சுமணன் உட்காரவில்லை.

“சார்,” என்றார் பாலகணேஷ், “உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா நீங்க கேட்கிற கேள்விதான் பிரச்சனை. பணம் எங்கே போச்சுன்னு ஏன் கேட்கறீங்க? யாரும் கேட்கறதில்லையே?”

“எங்க ஊர்ல மகமை பிடிச்சா, எதுக்குன்னு சொல்லித்தான் பிடிப்போம். வருஷம் முடிஞ்சா மைக் வச்சு கணக்கு வாசிப்போம். நானே வாசிச்சிருக்கேன்.”

பாலகணேஷுக்கு வியர்த்தது. “எல்லார் முன்னாடியுமா?”

“சின்னப் பிள்ளையள்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும்.”

“மைக்லயா?”

“ஆமா. சந்தேகம் இருந்தா எந்திச்சுக் கேக்கலாம். பதில் சொல்லாம பந்தியில இலை போட மாட்டோம்.”

மேலாளர் தண்ணீர் குடித்தார். “எங்க பேங்க்ல அப்படி ஒரு பந்தி வச்சா, சாப்பாடு ஊசிப்போயிரும் சார்.”

“அது கெடக்கட்டும். இப்பம் மகமையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கணக்கைத் திறங்க. வரியைக் கட்டிட்டுப் போயிருதேன்.”

“என்னால முடியாது. முடக்கின கண்காணிப்புத் துறை வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கிளையிலதான் இருக்கு. அவங்கதான் திறக்கணும். உங்க ரூபாய் போனதும் அங்கதான்.”

“அப்பம் அங்க போன் போடுங்க.”

பாலகணேஷ் எண்களை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மனசுக்குள் ஏதோ கூட்டினார்.

“அங்கே மணி ஏழு தாண்டிருச்சு சார். ஆபீஸ் மூடியாச்சு.”

“இங்க நாலே முக்கால்தானே ஆகுது?”

“வெளிநாடு சார். அங்கத்த நேரம்.”

“பெரிய சார்,” என்றான் லட்சுமணன், மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி. “எவன்னா ஒர்த்தன் வூட்டு நம்பர் குடு. நான் பேசறேன். இன்னா பேஜாரு சார் இது? ஒரு வளையம் சார். இத்தினிக்கூண்டு வளையம். அதுக்காவ நாங்க பன்னண்டு பேர் பாக்டரில சும்மா குந்திகினு கீறோம்.”

“மெயில் போட்டுடறேன். இருபத்தொரு வேலை நாள்ல பதில் வந்துரும்.”

“நாளான்னிக்கு படகு கெளம்புது சார்!”

“அதை மெயில்ல குறிப்பிடறேன்.”

அவர் குறிப்பிட்டார். ‘படகு’ என்ற சொல் வந்ததும், சரக்குக் கப்பல் வணிகம் பார்ப்பவர்களுக்கான தனி விசாரணைப் படிவம் ஒன்று திரையில் தானாகத் திறந்துகொண்டது. அவர் அதை மூட முயன்றார். மூட, மேலதிகாரியின் கடவுச்சொல் கேட்டது. மேலதிகாரி காரில் போய்க்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி கூரியர் கிடங்குக்குப் போன் செய்தார். மச்சினன் கணக்கிலிருந்து கட்டட்டுமா என்றார். ரொக்கமாகக் கொண்டுவரட்டுமா என்றார். பத்து நிமிஷம் கூடத் தாருங்கள் என்றார். அங்கே பேசியவன் நல்ல பையன். ஒவ்வொன்றுக்கும் ‘சாரி சார்’ என்று தனித்தனியாகச் சொன்னான். கடைசியில், “வண்டி ஏத்திட்டாங்க சார்,” என்றான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. 

ஆண்ட்ரூவின் போன் வந்தது. அண்ணாச்சி எடுத்தார். “ஆண்ட்ரூ, நீ எண்ணூர்லயே சொல்லிரு,” என்றார். மறுபக்கம் ஏதோ கேட்டது. “இல்லய்யா. கோவம்லாம் ஒண்ணும் இல்ல. படகு நல்லபடியா போயிட்டு வரட்டும்.”

போனை வைத்தார். பொன்னாடையைக் கழற்றி, நாலாக மடித்து, மேசை மேல் வைத்தார்.  லட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மேனேஜர் சார்,” என்றார் அண்ணாச்சி. குரல் உயரவில்லை. “சீல் போச்சு. சீசன் போச்சு. ஆண்ட்ரூ போயிட்டா அவன் பின்னால மத்த படகும் போயிரும். இந்தப் பன்னண்டு பேருக்கு நாளைக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியல. இனி நீங்க கணக்கைத் திறந்தா என்ன, திறக்காட்டி என்ன. உங்ககிட்ட எனக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவ்வளவுக்கும் காரணமா அந்த ரூபாய் போச்சே, அது எந்த ஊருக்குத்தான் போச்சு?”

பாலகணேஷ் எழுந்தார். கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாக ஹாலைப் பார்த்தார். பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த பெர்சிஸைத் தவிர யாரும் இல்லை.

“வெளியே சொல்லிடாதீங்க சார். என் வேலை போயிரும்.”

“சொல்லல.”

மேலாளர் சுட்டுவிரலை மட்டும் மெல்ல உயர்த்தி, மேலே காட்டினார்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கோபம் வந்தது. “நீங்க எடுத்துட்டு ஆண்டவன் மேல பழியைப் போடாதீய சார்!”

“ஆண்டவன் இல்ல சார்.”

தலைக்கு மேலே யாரோ நாற்காலியைத் தரையில் இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“முதல் மாடி,” என்றார் பாலகணேஷ். “போன வருஷந்தான் அனுமதி வாங்கினோம். சட்டப்படி அது வெளிநாடு.”